பெடல் இல்லாத கதிரை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு கேமிங் கதிரை வந்து சேர்ந்தது. பெட்டியில் 'நாற்காலி' என்று போட்டிருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அது என்றைக்கும் கதிரைதான்.

கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம். கழுத்துக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை. பக்கத்தில் ஒரு பிடி... இழுத்தால் அப்படியே மல்லாந்துவிடும். இது விளையாடுவதற்கா, பல்லுப் பிடுங்குவதற்கா?

படம் எடுத்து கனடாவிலுள்ள அண்ணனுக்கு அனுப்பினேன். கேமிங் சாமான் எது வாங்கினாலும் முதல் அபிப்பிராயம் அவனுடையதுதான். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டே சொல்.

"பெடல் எங்கை?"

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு மெல்ல நெஞ்சு குறுகுறுத்தது. வாராவாரம் இந்தப் பத்தியில் "நேர்மையாகச் சொல்கிறேன்" என்று தொடங்கி, ஜாய்ஸ்டிக்கையும் ஹெட்போனையும் கிழித்துத் தொங்கவிடுகிற இந்தப் பெண், ஒரு கேம் விஷயத்தில் முப்பது வருடமாக நேர்மையில்லாமல் இருந்திருக்கிறாள். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் உரும்பிராய். எனக்குப் பதினெட்டு, அண்ணனுக்கு இருபது. ஜெர்மனியில் இருந்த மாமா ஒரு கையடக்கக் கேம் அனுப்பியிருந்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறத் திரை. மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்கினால் அந்த வரி மறையும், புள்ளி ஏறும். அடுக்கு உச்சியைத் தொட்டதோ... ஆட்டம் முடிந்தது.

கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்தவர் கிளாலிக் கடலையும் தாண்டிப் பத்திரமாக எங்கள் கையில் சேர்த்தார். ஆனால் உள்ளே பற்றறி இல்லை. வழியில் சோதனைச் சாவடியில் கழற்றி எடுத்துவிட்டார்களாம். போர்க்காலத் தடை: பற்றறி யாழ்ப்பாணத்துக்குப் போகக் கூடாது. கேம் போகலாம். என்ன தர்க்கமோ!

ஊரில் கரண்ட் போய் மூன்று வருடமாகியிருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலை உழக்கி, டைனமோ மின்சாரத்தில்தான் ஊரே ரேடியோ கேட்டது. ரேடியோ பாடுமென்றால் கேம் ஓடாதா? எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் அண்ணன் அதைக் கொண்டுபோனான். அவர் டைனமோவுக்கும் கேமுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி, வயர் இழுத்துக் கொடுத்தார்.

"தம்பி, வேகமாய் உழக்கினால் சாமான் எரிஞ்சுபோம். மெல்லமாய் உழக்கினால் நிண்டுபோம். ஒரே சீராய் உழக்கோணும், விளங்குதோ?"

நன்றாக விளங்கியது. ஒருவர் விளையாட, மற்றவர் உழக்க வேண்டும்.

ஃபிரேம் ரேட் விழுந்துவிட்டது என்று எனக்குக் கடிதம் எழுதுகிற தம்பிமாரே, எங்களுக்குத் திரையே விழும். உழக்குகிறவர் தும்மினால் கட்டைகள் மங்கும். முதுகு சொறிந்தால் எல்லாமே அழிந்து, ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். 'சேவ்' பட்டன்? அண்ணனின் இரண்டு கால்கள்தான் சேவ் பட்டன்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அம்மாவிடம் கேட்டா: "உவன் ஒரு மணித்தியாலமாய் உழக்கிறான், ஆனால் ஒரு இடமும் போகேல்லை. ஏதும் நேத்திக்கடனோ?"

அதெல்லாம் சிரிப்பு. ஆனால் எனக்கும் அண்ணனுக்கும் நாளாந்தம் சண்டை. "இண்டைக்கு நான்தான் விளையாடுவன், நீ உழக்கு." "ஏன், நேற்றும் நான்தானே உழக்கினனான்?" கடைசியில் ஒருவரும் உழக்காமல், ஒருவரும் விளையாடாமல், இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்போம்.

அப்பாவுக்குக் கவலை வேறு. அது அவருடைய சைக்கிள். அதில்தான் தோட்டத்துக் கத்தரிக்காய் சந்தைக்குப் போகும். டைனமோ உரசி உரசிப் பின் ரயர் தேய்ந்துகொண்டிருந்தது.

"உந்த ரயர் போனால் வேறை ரயருக்கு எங்கை போறது? கத்தரிக்காயை நான் தலையிலை வைச்சுக்கொண்டோ போறது?" என்று ஒருநாள் வெடித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு ஆட்டம். கூடப் புள்ளி எடுக்கிற ஆளுக்குச் சாமான் சொந்தம். மற்ற ஆள் அதுக்குப் பிறகு அதைப்பற்றிக் கதைக்கப்படாது."

எனக்கு அந்தக் கேம் வேண்டும். அப்படி ஓர் ஆசை. படிப்பு, தோட்டம், விமானச் சத்தம் என்று போய்க்கொண்டிருந்த நாட்களில், என் சொல்லைக் கேட்டு நடக்கிற ஒரே சாமான் அந்தக் கட்டைகள்தான். அது அண்ணன் கைக்குப் போய்விட்டால் பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

ஆனால் ஒரு சிக்கல். நான் விளையாடும்போது எனக்குக் கரண்ட் தருகிறவன் அண்ணன். அவன் விளையாடும்போது நான். உலகத்தில் வேறு எந்தப் போட்டியிலாவது எதிராளியை நம்பி மின்சாரம் எடுத்திருக்கிறார்களா?

முதல் ஆட்டம் என்னுடையது. அண்ணன் உழக்கினான். வியர்வை மூக்கு நுனியால் சொட்டியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அரை மணித்தியாலம் திரை ஒருமுறைகூட மங்கவில்லை. எட்டாயிரத்து நானூறு! என் வாழ்நாளின் உச்சம். அப்பா கண்ணாடியைப் போட்டுத் திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்.

அடுத்தது அண்ணன். நான் சைக்கிளில் ஏறினேன். அவன் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். திரை எனக்குத் தெரியாது. அவன் ஒவ்வொரு வரியும் மறைய மறையப் புள்ளியைக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஏழாயிரம்... ஏழாயிரத்து முன்னூறு... ஏழாயிரத்து ஐஞ்ஞூறு..."

பிறகு சத்தத்தைக் காணோம்.

இவன் என்னைத் தாண்டப் போகிறான். அதுதான் கத்தாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறான்.

என் கால் நின்றது.

தானாக நிற்கவில்லை வாசகர்களே. நான்தான் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, "ஐயோ அம்மா, கால் பிடிச்சிட்டுது!" என்று சைக்கிளிலிருந்து சரிந்தேன். அம்மா நல்லெண்ணெயோடு ஓடிவந்தா. ஒரு குறையும் இல்லாத காலை அரை மணித்தியாலம் பிசைந்து, இழுத்து, முறுக்கி... அதுதான் எனக்குக் கிடைத்த முதல் தண்டனை.

அண்ணன் வெறும் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்பாவிடம் சொன்னான்: "சரி, விடுங்கோ அப்பா. சாமான் அவளுக்குத்தான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள்தான் மூளை வேலை செய்தது. கேம் என்னுடையது. ஆனால் யார் உழக்குவது? நான் கேமைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளைப் பார்த்தபடி நின்றேன். அண்ணன் வந்தான். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான்.

"என்னடி பாக்கிறாய்? விளையாடு. பத்து நிமிசம்தான், ரயர் தேயும்."

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி உழக்கினான். ஒவ்வொரு நாளும். எனக்குத் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக அவனுடைய உடுப்பெல்லாம் நான் தோய்க்கத் தொடங்கினேன். சவர்க்காரம், அதுதான் சோப்பு, கிடைக்காத காலம். பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் தோய்த்துக் காயப்போடுவேன். வாசனைக்கு மாடு வந்து சட்டையை நக்கும். மாட்டைத் துரத்திவிட்டுத் திரும்பவும் தோய்ப்பேன். பாவத்துக்குப் பரிகாரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அந்தக் கேம் எங்கேயோ தவறிப்போனது. குற்ற உணர்ச்சி மட்டும் பத்திரமாகக் கூடவே வந்தது.

போன ஞாயிறு, அந்தப் புதுக் கதிரையில் உட்கார்ந்தபடியே அண்ணனுக்கு போன் எடுத்தேன்.

"அண்ணை... அண்டைக்கு எனக்குக் கால் பிடிக்கேல்லை. வேணுமெண்டுதான் நிப்பாட்டினனான்."

"ஓம், தெரியும்."

"தெரியுமோ?"

"எடியே, கால் பிடிச்ச ஆள் எண்ணெய்க் காலோடை ஓடிவந்து கேமைத் தூக்குவாளோ?"

"அப்ப ஏன் அப்பாட்டைச் சொல்லேல்லை?"

கனடாவிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"ஏழாயிரத்து ஐஞ்ஞூறோடை நான் ஏன் வாயை மூடினனான் எண்டு நினைச்சாய்? அடுக்கு உச்சிக்கு வந்திட்டுது. இன்னும் ஒரு கட்டை விழுந்தால் ஆட்டம் முடிஞ்சுது. தங்கச்சியிட்டைத் தோத்தவன் எண்டு ஊரே சிரிச்சிருக்கும். நீ காலை எடுத்தாய்... என்ரை மானம் தப்பினது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதிரை கிரீச்சிட்டது.

"அப்ப, ஒரு வருசமாய் என்னை ஏன் உன்ரை உடுப்புத் தோய்க்க விட்டனீ?"

"நான் கேட்டனானோ? நீயாய்த்தானே தோய்ச்சனீ. நல்ல வடிவாய்த் தோய்ச்சனீ, சும்மா சொல்லக்கூடாது."

நினைத்துப் பாருங்கள். நேர்மையாக வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தைக் களவாக வென்று, அந்தக் களவுக்கு ஒரு வருடம் பனம்பழம் பிசைந்திருக்கிறேன். இன்னும் பத்து விநாடி உழக்கியிருந்தால் போதும். அவசரப்பட்டுச் செய்கிற கள்ளத்தனம் பெரும்பாலும் இப்படித்தான்... நமக்கு வரவிருந்த நல்லதை நாமே தட்டிவிடும்.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் ஆட்டத்தில் அவன் ஒருமுறைகூடக் காலை எடுக்கவில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் அவனுக்கும் இருந்திருக்கும்தானே? அதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. எனக்கு இதுவரை கிடைத்த கேமிங் சாமான்களில் அந்த இரண்டு கால்களுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. புதுக் கதிரைக்குப் பத்துக்கு ஏழு புள்ளி. முதுகுக்கு நல்லது. அண்ணன் கால்களுக்குப் பத்துக்குப் பத்து.

உடுப்புக் கணக்கு வேறு. நேற்று கனடாவுக்கு ஒரு பார்சல் போட்டேன் — உள்ளே என்னுடைய ஒரு வார அழுக்கு உடுப்பு.