புகை வராத நாற்பது நாள்

எங்கள் தெரு முனையில் முன்பு ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. அதற்கு மூடி கிடையாது, நாலு சக்கரத்தில் ஒன்று கிடையாது. ஒருநாள் அதை எடுத்துப் போய்விட்டார்கள். இனிமேல் வண்டி வாசலுக்கே வரும், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். வண்டியும் சொன்னபடி வந்தது. தினமும் காலை ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். நல்ல ஏற்பாடு என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஜனங்களுக்குத் தொட்டி போனதே தெரிந்த மாதிரி இல்லை. தொட்டி இருந்தபோது எங்கே நின்று வீசினார்களோ அங்கேயே நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வீசினார்கள். பைக்கில் வேலைக்குப் போகிறவன் வண்டியை நிறுத்தக்கூட மாட்டான். ஹேண்டில்பாரில் தொங்கும் கேரிபேக்கை ஒரு விரலால் தட்டிவிடுவான், அது போய் விழும். அப்படி ஒரு கைப்பழக்கம். வண்டி வரும்போது கொடுத்தால் என்ன என்று கேட்டால், "பிரிச்சுக் கொடுக்கச் சொல்றாங்கண்ணே, அதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு" என்பார்கள். பிரியாணியைத் தின்ன நேரம் இருக்கிறது, இலையையும் கவரையும் தனித்தனியாக எடுத்துவைக்க நேரம் இல்லை.

அந்த இடம் திருப்பூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போட்ட காலி மனை. எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரில் இருக்கிறது. என் மனைவிக்கு இழுப்பு உண்டு. கல்யாணமான புதிதில் மழைக்காலத்தில் மட்டும் வரும், போகும். ஐம்பது வயதுக்கு மேல் அது போகிற வழியை மறந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மருந்தெல்லாம் அப்புறம். புகை மட்டும் இந்தம்மா மேல படவே கூடாது" என்றார்.

படாமல் எப்படி இருக்கும்? எங்கள் தெருவில், அந்த மனையை ஒட்டித்தான் எதிர் வீட்டு அண்ணன் இருக்கிறாரே.

அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நூல் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. குப்பையை ரோட்டில் போடாமல் வண்டிக்குப் பிரித்துக் கொடுத்த இரண்டே வீடுகளில் ஒன்று எங்களுடையது, இன்னொன்று அவருடையது. மற்றவர்கள் போட்ட குப்பையைப் பார்த்து அவருக்கு மனசு கேட்காது. காலையில் ஆறு மணிக்கு நடைப்பயிற்சி முடித்து வருவார். குச்சியால் குப்பையை ஓரமாகத் தள்ளிக் குவிப்பார். பிறகு ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார்.

"அண்ணே, வீட்ல அவளுக்கு முடியல. கொளுத்தாதீங்க" என்று நான் எத்தனை முறை போய்ச் சொல்லியிருப்பேன்.

"கொளுத்தாம விட்டா நாறிப் போகும் தம்பி. கொசு வரும், நாய் இழுத்துப் போடும். செத்த நேரம் ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லு. நம்ம தெருவை நாமதான சுத்தமா வச்சுக்கணும்."

திருடனிடம் சண்டை போடலாம். சேவை செய்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? புகை ஜன்னல் இடுக்கு வழியாக வரும். டயபர், செருப்பு, கோழி இறகு, தெர்மாகோல் எல்லாம் கலந்த புகை. அவள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடுவாள். வருஷக்கணக்காக அவள் படுத்துத் தூங்கியதே இல்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குவாள்.

கொளுத்துகிறவரைத் தடுக்க முடியாததால், போடுகிறவர்களைத் தடுக்கப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு ஸ்டேஷனரி கடை உண்டு. கடையைத் தாமதமாகத் திறந்து, காலையில் இரண்டு மணி நேரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போடுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒருத்தராவது ஒத்துக்கொள்ள வேண்டுமே. "அது எங்க வீட்டுக் குப்பை இல்லண்ணே" என்று, கையிலிருந்து விழுந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கும் கவரைப் பார்த்தபடியே சொல்வார்கள். ஒரு அம்மா, "நான் ஒருத்தி போடாட்டா மட்டும் சுத்தமாயிருமா?" என்று கேட்டார். பையன்கள் எனக்குக் குப்பை போலீஸ் என்று பெயர் வைத்தார்கள். தெருவில் யார் எதைப் போட்டாலும் எனக்குத் தெரியும் என்கிற பேர்தான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்போதுதான் மகாலட்சுமி வந்தாள்.

யார் வீட்டிலோ ஆயுத பூஜைக்காக ஒட்டடை அடித்திருக்கிறார்கள். கண்ணாடி உடைந்த மகாலட்சுமி படம் ஒன்றைக் கொண்டுவந்து குப்பையின் மேல் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலை எதிர் வீட்டு அண்ணன் தீப்பெட்டியோடு வந்தார். படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அன்று ஏழு மணிக்கு என் மனைவி கண் விழித்து, "என்னங்க, மணி இம்புட்டு ஆயிருச்சு, என்னைய எழுப்பலையா?" என்றாள். நான் ஜன்னலைக் காட்டினேன்.

என் கடையில் தினசரி காலண்டரும் விற்பேன். தை மாதத்தோடு வியாபாரம் முடிந்துவிடும். தேதித்தாள் ஒட்டாத சாமி பட அட்டைகள் கட்டுக்கட்டாக மிஞ்சிக் கிடக்கும். பழனி முருகன், பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா எல்லாரும் பரணில் இருந்தார்கள். ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தினமும் விடிகாலையில் பால் வாங்கப் போகும்போது ஒரு அட்டையைக் குப்பையின் மேல் வைத்துவிட்டுப் போவேன். தெருவுக்கே உபதேசம் செய்தவன், நானே தினமும் ஒன்று போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்டேன்.

"சாமியக் கொண்டுபோய்க் குப்பையில வைக்கிறீங்களே, பாவம் சேராதா?" என்றாள் அவள்.

"சேரட்டும். நீ மூச்சு விடு."

"ஆமா, இவரு எனக்காக நரகத்துக்குப் போவாராக்கும். ரெண்டு இட்லிக்கு சட்னி இல்லைன்னாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீக" என்று சிரித்தாள். சிரித்த பிறகு இருமல் வரவில்லை. அதை நான் கவனித்தேன்.

நாற்பது நாள் புகை வரவில்லை. இரண்டாவது வாரத்தில் அவள் ஒரு தலையணையைக் குறைத்தாள். மூன்றாவது வாரத்தில் இன்னொன்றைக் குறைத்தாள். ஒருநாள் மதியம் சாப்பிட வந்தபோது அவள் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், வாயை லேசாகத் திறந்துகொண்டு. மூச்சு வருகிறதா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். நல்ல தூக்கம். சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சத்தம் வராமல் தட்டைக் கழுவி வைத்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து, "அம்மா படுத்துத் தூங்குறா" என்று சொன்னேன். தூங்குவதெல்லாம் ஒரு செய்தியா என்று மருமகன் நினைத்திருப்பார்.

இதற்குள் எதிரில் குப்பை ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. எரிக்காத குப்பை வேறு எங்கே போகும்? சாமி படம் இருக்கிற இடம் என்று தெரிந்ததும், தங்கள் வீட்டு உடைந்த படங்களையும் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். சாமியை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதே கையால் பக்கத்தில் மீன் கழிவைப் போட்டார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று தெருவே புலம்பியது. போடுவதை நிறுத்தலாம் என்று ஒரு ஆள் சொல்லவில்லை. ஏன் இன்னும் யாரும் கொளுத்தவில்லை என்றுதான் கேட்டார்கள். எதிர் வீட்டில் அண்ணனுடைய மகள் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு முன்னால் இப்படி நாறலாமா என்று அவருக்கு ஒரே கவலை.

நாற்பத்தோராம் நாள் காலை பால் வாங்கித் திரும்பும்போது பார்த்தேன். அண்ணன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, குளித்த ஈரத்தோடு, குப்பையிலிருந்து சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்து, கண்ணில் ஒற்றி, சுற்றுச்சுவர் ஓரமாக வரிசையாக நிறுத்தினார். நான் பால் பையோடு ஓடுவதற்குள் தீ பிடித்துவிட்டது. நாற்பது நாள் குப்பை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன், இரண்டு குடம் ஊற்றினேன். தண்ணீர் ஊற்ற ஊற்றப் புகைதான் அதிகமானது.

"விடு தம்பி, ஒரேயடியா எரிஞ்சு முடியட்டும்" என்றார் அவர்.

ஆட்டோவில் ஏற்றும்போது அவள் உதடு நீலமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கி ஏதோ சொல்ல வந்தாள், நான் தடுத்து முகமூடியை மறுபடி மாட்டினேன். என்ன சொல்ல வந்தாளோ. மூன்றாம் நாள் மாலை போய்விட்டாள். இதயமும் பலவீனம், புகையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்றார்கள். சரி, சொல்ல வேண்டாம்.

அவள் பாடைக்கு முன்தோள் கொடுத்தது எதிர் வீட்டு அண்ணன்தான். தேம்பித் தேம்பி அழுதார். "நல்லாத்தான தம்பி இருந்துச்சு, திடீர்னு என்ன இப்படி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கலாமா என்று அந்த நேரத்திலும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் தினமும் எரிந்திருந்தால் அது சின்னச் சின்னப் புகையாக முடிந்திருக்கும். நாற்பது நாள் சேரவிட்டது நான். இதை எவரிடமும் சொன்னதில்லை. பிறகு முப்பது நாள் அவர் எதையும் கொளுத்தவில்லை, துக்க வீட்டுக்கு மரியாதையாம். முப்பத்தோராம் நாள் கொளுத்தினார்.

இரண்டு மாதம் கழித்து என் மகள் வந்தாள். வீடு இருந்த கோலத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு நாள் பெருக்கினாள், துடைத்தாள், அம்மாவின் சேலைகளை உறவில் பிரித்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது கட்டில் வெறும் பலகையாக இருந்தது. பஞ்சுத் தூசி அம்மாவுக்கு ஆகாது என்று மகளே முன்பு வாங்கிக் கொடுத்த ரப்பர் மெத்தை அது. மனைவி போன பிறகு நான் அதில்தான் படுத்துக்கொண்டிருந்தேன்.

"மெத்தை எங்க?"

"செத்தவங்க படுத்த மெத்தையில படுக்கக் கூடாதுப்பா. சமையல்கட்டுக்கு நேத்து வெள்ளையடிக்க வந்த ஆளை வச்சு, நீங்க குளிக்கப் போனதும் இருட்டோடயே தூக்கிப் போட்டாச்சு."

"எங்க போட்ட?"

"எங்க போடுறது? எல்லாரும் போடுற இடத்துலதான்."

சொல்லிவிட்டு அவள் காப்பி போடப் போனாள். அவளைச் சொல்லி என்ன செய்ய? மெத்தையைப் போட இந்த ஊரில் வேறு இடம் எது என்று கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. போய்த் திரும்ப எடுத்து வரலாம் என்று சட்டையை மாட்டினேன். அதற்குள் வாசலில் கறுப்பாக இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் நேரம் தவறாதவர்.

ரப்பர் எரிகிற புகையை நான் அதுவரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மேலே போகாமல் தெருவிலேயே தவழ்ந்து, நேராக எதிர் வீட்டுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் அண்ணனின் மகள், ஒரு மாதக் குழந்தையை முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு ஓடி வந்தாள். குழந்தை அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது, முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"மாமா, செத்த நேரம் உங்க பின்கட்டுல இருந்துக்கிறேன். வீட்டுக்குள்ள நிக்க முடியல, பிள்ளை மூச்சு விட மாட்டேங்குது. அப்பா பஞ்சு மெத்தைன்னு நெனச்சு வச்சுட்டாரு" என்றாள்.

உள்ளே கூட்டிப் போய், காற்று வருகிற பக்கமாக உட்கார வைத்தேன். என் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

குழந்தையின் நெஞ்சைத் தடவிவிட்டபடியே அந்தப் பெண் கேட்டாள்: "நீங்கதான் மாமா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருப்பீங்க. இந்த மெத்தைய யாரு கொண்டாந்து போட்டான்னு பாத்தீங்களா?"

"பாக்கலையேம்மா" என்றேன்.