சவலை

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தும் தேறாதவன் ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதினால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஊரைப் பார்த்து நான் சிரித்தது கொஞ்சமா?

என்னோடு படித்தவன் ஒருவனுக்குச் சவலை என்று பட்டம் வைத்தவன் நான்தான். தென்காசியில் சாரல் காற்று வீசினால் அவன் எந்தச் சுவரைப் பிடித்துக்கொள்வான் என்று பந்தயம் கட்டுவோம். ஆனி பிறந்துவிட்டால் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடப்போம். பேரருவியில் எல்லோரும் நடுவில் போய் முதுகைக் கொடுப்போம். அவன் ஓரமாக, சிதறி விழுகிற தண்ணீரில் நிற்பான். "சவலைக்கு ஒரு செம்புத் தண்ணி போதும்லே" என்பேன். அவனும் சிரிப்பான். சவலை என்றால் ஒல்லி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சாரல் நாளில் அவன் வீட்டு வாசலில் நின்று, "ஏலே சவலை, அருவில நல்லாத் தண்ணி விழுதாம், வாலே" என்று கத்தினேன். அவன் வரவில்லை. அவனுடைய அம்மா வந்தாள், கையில் அரிசி புடைத்த சுளகோடு.

"அப்படீன்னா என்னன்னு தெரியுமாலே ஒனக்கு?"

"ஒல்லியா இருக்கவன் அத்தை."

"இவனுக்குப் பத்து மாசம். அதுக்குள்ள இவன் தங்கச்சி வயித்துல வந்துட்டா. இனிமே பால் குடுக்கக் கூடாதுன்னாவ. மாருல வேப்பிலைய அரச்சுத் தடவுனேன். வாய வைப்பான், கசக்கும், என் மூஞ்சியப் பார்ப்பான். மறுபடியும் வாய வைப்பான். அப்படிப் பால் மறக்கடிச்சு, ஏங்கி மெலிஞ்ச பிள்ளையத்தாம்ல சவலைம்பாவ. காத்து பட்டாலும் காய்ச்சல் வரும். நீ அவனக் கேலி பண்ணுதேன்னு நெனைக்கே. நான் செஞ்சதத்தான் தெருவுல நின்னு கூவுதே."

அவள் உள்ளே போய்விட்டாள். சுளகுச் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

அவன் துண்டோடு வெளியே வந்தான். எல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கிறது. குற்றாலத்துக்கு மூன்று மைல் நடந்தோம். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. பேரருவியில் நானும் அன்று ஓரத்திலேயே நின்றேன். இவன் இனி என்னோடு வருவானா, மாட்டானா என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் ஓடவில்லை. எத்தனையோ சாரல் பார்த்தாயிற்று; அந்தத் தண்ணீரின் குளிர் மட்டும் இன்னும் தோளில் இருக்கிறது.

தலை துவட்டும்போது, "இனிமே ஒன்ன அப்படிக் கூப்பிட மாட்டம்லே" என்றேன்.

துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னான்:

"நீ என்னமும் கூப்பிடுலே, எங்கம்ம காதுல மட்டும் விழ வேண்டாம்."