என் சுவர் வழியாக நடந்துபோனவன்

நேற்று டவுன்ஷிப் ஹாலில் இருந்தவர்கள்: மகன் குமார், மருமகள் சுதா, பேத்தி யாழினி (நான் சொல்லச் சொல்ல இதை டைப் பண்ணுகிறவள்), என் கொழுந்தன் தனவேலு, அவன் பெண்டாட்டி அம்சா, கண்ணில் மாட்டும் விஆர் பெட்டியோடு சென்னையிலிருந்து வந்த கலைக்காரப் பெண் நிவேதா.

அத்தனை பேரும் சாட்சி!

நிவேதா விளக்கினாள்: "பாட்டி, உள்ள வெறும் வெளிதான். கையால சுவர் வரையுங்க. வர்றவங்க சுத்திப் போற வரைக்கும் அது நிக்கும். ஒருத்தர் ஊடால நடந்தாலும் கலைஞ்சிடும். இடம்ங்கறதே மத்தவங்க ஒத்துக்கறதுதான், அதான் இந்தக் கலை."

(இதை எனக்குச் சொல்லச் சென்னையிலிருந்து வர வேண்டுமா!)

மாட்டிக்கொண்டு வரைந்தேன். சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்ட எங்கள் ஊரில் நானும் வீட்டுக்காரரும் தனியாகக் கட்டிய வீடு. கூடம், அடுப்பங்கரை, தலை குனிந்து நுழையும் வாசல்.

நிலம் அளக்க வந்த அன்று தனவேலு சொன்னான்: "அது வூடு இல்ல சார், எங்க மாட்டுக் கொட்டா."

வீடு கொடுத்தவர்களுக்குச் சுரங்கத்தில் வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். எங்களுக்குத்தான் வீடே இல்லையே!

இருந்த ஒரு வேலை அவனுக்குப் போனது; அவன் பர்மனென்ட். என் வீட்டுக்காரர் சாகிற வரை கான்ட்ராக்ட்.

பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே நடப்பதைக் காட்டும் டிவி முன்னால் நின்றேன்.

குமார் சுற்றிப் போனான். சுதாவும். யாழினி மூன்று சுற்று! (கோயில் என்று நினைத்துவிட்டாள் போல.)

அம்சா நேராக வாசலுக்குப் போய்த் தலையைக் குனிந்தாள்!

"அக்கா, அடுப்பு இந்தப் பக்கந்தான இருந்துச்சு?"

"அதே பக்கந்தான் அம்சா" என்றேன்.

அடுத்து தனவேலு.

"தனவேலு, ஒரே ஒரு தபா சுத்திகினு போ. அது போதும் எனக்கு" என்றேன். எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"இன்னா அண்ணி, இல்லாத வூட்ட எதுக்குச் சுத்தறது?"

கூடத்தின் நடுவே நடந்தான். சிரித்துக்கொண்டே! சுவரெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"யோவ், அந்த வூட்ல நான் சோறு துன்னிருக்கேன்யா!" என்று அம்சா கத்தினாள்.

"மறுபடி வரையலாம் பாட்டி" என்றாள் நிவேதா.

"வரைஞ்சா மறுபடி நடப்பான்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குமார், "விடும்மா, வயசாயிடுச்சு அவருக்கு" என்றான்.

எனக்கு மட்டும் குறைந்துகொண்டா வருகிறது?

நீங்களே சொல்லுங்கள். அன்றைக்குச் சொன்ன பொய்க்கு ஒரு வேலை கிடைத்தது. வயிற்றுக்காகச் சொன்னான் என்று நான் செத்துப்போவதற்குள் விட்டுக்கூடக் கொடுத்திருப்பேன். நேற்று நடந்ததற்கு அவனுக்கு என்ன கிடைத்தது?

அளக்க வந்தவர்களை மன்னித்துவிட்டேன். சுரங்கத்தை மன்னித்துவிட்டேன்.

தனவேலுவை மாட்டேன்.