உட்கார்ந்தே இருந்த தங்கபாய்

எம்.எல்.ஏ. கடைக்குள் வந்தபோது ஜவுளிக்கடைத் தங்கபாய் எழுந்திருக்கவில்லையாம். மறுநாளே வேலை போய்விட்டதாம். ராஜபாளையத்தில் கிளம்பும்போது வதந்தியில் அவள் வெறுமனே உட்கார்ந்துதான் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்வதற்குள் கால்மேல் கால் ஏறிவிட்டது.

அந்தக் கால்மேல் காலை விட்டுவிடலாம். வேலை போனது நிஜமென்றால் சிரிக்க முடியாது. அப்பா இல்லாத வீடு. அந்தச் சம்பளத்தில்தான் மகள் ஜெனிலா ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஆகவே பஸ் ஏறிக் கடைக்கே போய் விசாரித்தேன்.

தங்கபாய் அந்தக் கடையில் ஜெனிலா நடக்கப் பழகிய வருஷத்திலிருந்து நிற்கிறாள். வாங்க வருகிறவர்கள் மெத்தையில் உட்காருவார்கள், சேலைகள் அலமாரியில் படுத்திருக்கும். நிற்பது விற்கிறவர்கள் மட்டும்.

எம்.எல்.ஏ. பரிபூரணம் பக்கத்துத் தொகுதிப் பெண்மணி. பெண்பிள்ளைகளுக்கு விடுதி, மலையடிவார ஊர்களுக்குக் கல்லூரி நேரத்தில் பஸ், சுடுகாட்டுக்கு எல்லாரும் போகிற பாதை என்று சட்டசபையில் ஓயாமல் கேட்பவர். ஒருநாள், கடைப் பெண்களுக்கு இருக்கை தரணும் என்று சட்டம் இருக்கிறதே, நாற்காலி எங்கே இருக்கிறது என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் கடை கடையாகத் தேடவும் கிளம்பிவிட்டார்.

கடை முதலாளி வைகுண்டராஜ் அண்ணாச்சி சட்டத்தை மதிக்கிறவர், எம்.எல்.ஏ. வருகிற அன்றைக்கு. பந்தல்காரரிடம் நாற்காலிகளை வாடகைக்குச் சொன்னார். முகூர்த்த நாள், ஒன்று குறைந்தது. அதைத் தங்கபாயே கொண்டுவரட்டும் என்றுவிட்டார். அவள் தங்கள் சபைக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சாம்சனிடம், சாயங்காலமே தந்துவிடுவதாகச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லை, நாற்காலிக்கு உண்டு என்றார் கண்டக்டர். கூட்டத்தில் ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்தே ராஜபாளையம் வந்து சேர்ந்தார். டிக்கெட் எடுத்தவள் நின்றுகொண்டு வந்தாள்.

அண்ணாச்சி போட்ட உத்தரவு: அவிய வரும்போது எல்லாரும் உட்கார்ந்திருக்கணும். எம்.எல்.ஏ. வாசலில் தெரிந்ததுமே பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள், அண்ணாச்சி உட்பட. சொன்ன பேச்சைக் கேட்டவள் தங்கபாய் ஒருத்திதான். எழுந்திரு என்று அண்ணாச்சி கண்ணாலேயே அதட்டினார். ஒரே கடையில் ஒரே நாளில் ரெண்டு உத்தரவு. எதைக் கேட்பதென்று புரியாமல், முதல் உத்தரவிலேயே இருந்துவிட்டதாகச் சொல்கிறாள். இவளை இன்றோடு நிறுத்தணும் என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தது பக்கத்தில் நின்ற இன்னொரு கடைப் பெண் மாரிச்செல்விக்குக் கேட்டிருக்கிறது.

அதற்குள் எம்.எல்.ஏ. அவளிடம் வந்து, எழ முயன்றவளின் தோளில் கைவைத்து அமர்த்தினார்.

"இருங்கக்கா. கடையில ஒருத்தராவது உக்காந்திருக்கீகளே."

பொறவு முதலாளி பக்கம் திரும்பினார்.

"பொங்கலுக்குச் சேலை எடுக்கவும் இங்கதான் வாரேன் அண்ணாச்சி. இந்தக்கா இதே நாற்காலியில இருக்கணும்."

வேலை போகவில்லை. போகவும் விடமாட்டார் அண்ணாச்சி. பொங்கலுக்கு அவள் வேண்டும். ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பது பார்க்க நன்றாயில்லை என்று மற்றவர்களுக்கும் ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார். நான் போனபோது தங்கபாய் உட்கார்ந்தபடியே ரவிக்கைத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். ஜெனிலாவுக்கு அடுத்த வருஷப் பாடம் என்னென்ன என்று ஒப்பித்தாள். கால்மேல் கால் பற்றிக் கேட்டதற்கு, வீங்கின காலை எங்கே தூக்கிப்போட என்றாள்.

நாற்காலியைத்தான் திருப்பித் தர முடியவில்லை. இதே நாற்காலி என்று எம்.எல்.ஏ. சொல்லிவிட்டாரே, அண்ணாச்சி அதைத் தொடவிடுவதில்லை. சாம்சன் ஞாயிறுதோறும் விடாமல் கேட்கிறார்.

"ஏட்டி தங்கபாய், நீ சொன்ன சாயங்காலம் எப்ப வரும்?"

கோயிலில் ஒரு நாற்காலி குறைகிறது. ஆராதனை முடியும்வரை யார் நிற்பது என்பதில் சபையாருக்குச் சந்தேகமே இல்லை. தங்கபாய்க்குத்தான் நின்று பழக்கமாயிற்றே.