அம்மா உயிரோட கேட்ட ஒப்பாரி

அம்மாவுக்கு பைபாஸ் முடிஞ்சு, ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாத்தியிருந்தாங்க. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடந்தப்போகூட நான் இப்படி பயப்படலை. அம்மா பேசலை, சாப்பிடலை. ஊரப்பாக்கத்துல எங்க தெருவுக்கே கேக்குற மாதிரி பேசுற பொம்பளை, ஃபேனையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டுக் கிடந்துச்சு.

தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமணும், மூச்சை நல்லா இழுத்து விடணும், இல்லைன்னா சளி கட்டி நிமோனியாவுல கொண்டுபோய் விட்டுடும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருந்தாரு. கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில கோவம் வந்துடுச்சு. "இன்னாம்மா உனக்கு? எங்களை பேஜாரு பண்ணணும்னே படுத்துகினு கீறியா?" அம்மா மூஞ்சியைச் சுவர் பக்கம் திருப்பிக்கிச்சு.

அப்பா இன்னொரு பக்கம். ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மாவோட தாலி, மெட்டி எல்லாத்தையும் கழட்டி ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு அவர்கிட்ட கொடுத்திருந்தாங்க. காயம் ஆறட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க. பையில வைங்கப்பான்னா முறைக்கிறாரு. தாலியைக் கண்ட இடத்துல வைக்கக்கூடாதாம். டீ குடிக்கப் போனாலும் கவர் கையில.

செய்யூர்ல இருக்கிற சின்னம்மாவுக்கு நான்தான் போன் பண்ணியிருந்தேன். அம்மாவுக்கு ஒரே தங்கச்சி. என் கல்யாணப் பத்திரிகையை நேர்ல வந்து தட்டுல வெச்சுக் கொடுக்காம அம்மா வாட்ஸ்அப்புல அனுப்பிடுச்சுன்னு கோவிச்சுக்கிட்டு, கல்யாணத்துக்கே வரலை. அதோட பேச்சுவார்த்தையும் நின்னு போச்சு. கூடப் பொறந்தவளுக்கு வாட்ஸ்அப்புலயா பத்திரிகை அனுப்புறதுன்னு நாங்க கேட்டா, "வேலை இருந்துச்சு"ன்னு அம்மா வாயை மூடிக்கும். ஆபரேஷன் ஆயிடுச்சு, ஒரு தடவை வந்து பாருன்னு போன்ல சொன்னேன். சின்னம்மா பட்டுனு போனை வெச்சுடுச்சு.

மறுநாள் காலையில காயத்துக்குக் கட்டு மாத்தணும்னு நர்ஸ் அப்பாவை வெளிய அனுப்பினாங்க. கொஞ்ச நேரம்கூட ஆகலை.

"யக்காவ்... என்னை வுட்டுட்டுப் போயிட்டியேக்கா..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க சொந்தத்துல எந்தச் சாவுலயும் முதல்ல கேக்குற குரல் அது. சட்டுனு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சத்தியமா சொல்றேன், மூச்சு இருக்குதான்னுதான் பார்த்தேன்.

வெளிய ஓடினேன். லிஃப்ட் வாசல்ல சின்னம்மா தலைமுடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்து மாருல அடிச்சுக்குது. எங்க பக்கத்துல புருஷனுக்கு முந்திப் பொண்டாட்டி போயிட்டா, தாலியையும் மெட்டியையும் கழட்டி அந்த ஆள் கையிலதான் கொடுப்பாங்க. லிஃப்ட்டை விட்டு வெளிய வந்ததும், அழுது சிவந்த கண்ணோட, சவரம் பண்ணாத மூஞ்சியோட, அந்தக் கவரோட அப்பா எதிர்ல நின்னா, பாவம், அது வேற என்னன்னு நினைக்கும்? இந்த மனுஷனாவது "அவ இருக்காம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? கவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறாரு! சுத்தி நின்ன பொம்பளைங்க ரெண்டு பேர் கூடச் சேர்ந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க.

"கூடப் பொறந்தவளே, கோவிச்சுகினு இருந்தேனே,
கூப்பிட்டு அறைஞ்சிருந்தா கும்பிட்டு வந்திருப்பேனே..."

"சின்னம்மா! அம்மா உயிரோடதான் கீது, நிறுத்து!"ன்னு நான் கத்தினேன். யார் காதுல விழுந்துச்சு? அப்போ உள்ளேயிருந்து இருமல் சத்தம். எட்டிப் பார்த்தா, அம்மா தலையணையை நெஞ்சோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமிக்கிட்டு இருக்கு. நர்ஸ் முதுகைத் தாங்கிப் பிடிச்சிருந்தாங்க. இருமி முடிச்சுட்டு, கரகரன்னு, "அவளை உள்ளே இட்டுகினு வா"ன்னுச்சு.

சின்னம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். அம்மா கண்ணைத் திறந்து பார்க்குறதைப் பார்த்ததும் சின்னம்மா கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுது.

"சாவுன்னாதான் வருவியாடி?"ன்னு அம்மா கேட்டுச்சு.

சின்னம்மா அந்த நிலைமையிலயும், "நீ மட்டும் வந்தியா? ஒரு பத்திரிகை கொடுக்க உன்னால வர முடியலை இல்ல?"ன்னு கேட்டுடுச்சு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நெஞ்சைப் பொளந்து தைச்சவகிட்டயா இதைக் கேக்குறது?

அம்மா மெதுவா சொல்லுச்சு. "வந்தேன்டி. தட்டு, பூ, பழம் எல்லாம் எடுத்துகினு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி உன் தெருமுனை வரைக்கும் வந்துட்டேன்." மூச்சு வாங்கிட்டு மறுபடியும் சொல்லுச்சு. "அதுக்கு மேல ஒரு அடி வைக்க முடியலை. நெஞ்சை அடைச்சுகிச்சு. அங்கியே உக்காந்து உன் வூட்டையே பார்த்துகினு இருந்துட்டு, திரும்பிட்டேன்."

"ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா, கல்யாணத்தை நிறுத்திட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போயிருப்பீங்க."

சின்னம்மா அம்மாவோட காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. எனக்கு அழுகைகூட வரலை. என் கல்யாணத்துல அம்மா உக்காரவே இல்லை. கடைசிப் பந்தி வரைக்கும் நின்னு, எல்லாருக்கும் சாப்பாடு போட்டுச்சு.