அரைப் போத்தல் எண்ணெய்

பிள்ளைகள், அடுப்படிக் கதவு நிலையின் அடிப்பக்கம் ஏன் அப்படிக் கறுத்துப்போய் இருக்கிறது என்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டீர்கள். கறையானுக்கு எண்ணெய் பூசினது என்று சொல்லிவிட்டு நான் வேறு கதைக்குப் போய்விடுவேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அது என்ன எண்ணெய், எங்கே இருந்து வந்தது, அதனால் யார் கஷ்டப்பட்டது என்று நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் போல இருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை கிடந்தால் மூத்தவள் திருத்தி வாசிக்கட்டும்.

பிரதான வீதியிலிருந்து எங்கள் வீடுகளுக்கு வருகிற ஒழுங்கையில் இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணறு உங்களுக்குத் தெரியும். இந்தத் தீவில் எந்த வீட்டு வளவிலும் கிணறு வெட்டலாம், ஆனால் எல்லாக் கிணற்றிலும் குடிக்க ஏலாது. எங்கள் வளவுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரை வராது. அந்த ஒரு கிணறுதான் இனிப்பு. அது தோட்டக்கார அக்காவின் வளவுக்குள் இருக்கிறது. அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில், அவர் தனியே. வேலிப் படலையைத் திறந்தே வைத்திருப்பார். ஒழுங்கையில் உள்ள எல்லோரும் காலையும் மாலையும் பிளாஸ்டிக் கானோடு போய் அள்ளுவோம். வாளியும் கயிறும் அவருடையவை. வாளியை நிலத்தில் வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம்.

அடுத்த வளவில் கடல்தொழில் செய்கிற அண்ணை, மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வள்ளத்து எஞ்சின் பழுதானால் தோளில் தூக்கிக் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் கழற்றிப் பூட்டுவார். அவருடைய வளவிலும் கிணறு உண்டு, அது முழு உப்பு. அவர்களும் அக்காவின் கிணற்றில்தான் அள்ளினார்கள்.

கிணற்றிலிருந்து முப்பது, முப்பத்தைந்து அடி தூரத்தில், வேலிக்கு வெளியே ஒழுங்கையோரம் ட்ரான்ஸ்போமர் நிற்கிறது. இரண்டு தூண்களுக்கு நடுவில் உயரத்தில் வைத்த அந்த இரும்புப் பெட்டிதான் பெரிய லைனில் வருகிற கரண்டை வீடுகளுக்கு ஏற்ற மாதிரிக் குறைத்துக் கொடுக்கிறது. அதற்குள் சூடு தணிய எண்ணெய் நிரப்பியிருக்கும். நான் அப்போது மின்சாரசபைக் கந்தோரில் லைன் வேலை. நிரந்தரம் இல்லை, நாள் சம்பளம்.

புரட்டாதி மாதம், ஒரு வீட்டு வயர் வேலைக்காக நான் அந்தத் தூணில் ஏறினேன். பெட்டியின் வேலிப்பக்கத் தகட்டில் உப்புக்காற்று பிடித்து, துரு ஏறி, அதிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தால் தூணடிச் சீமெந்துக் கட்டின் மேல் ஒரு போத்தல், அதன் வாயில் புனல். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

“என்னக்கா இது, கள்ளு முட்டி கட்டின மாதிரி?”

“முழங்காலுக்குத் தம்பி. பூசினால் நோ போகுமாம். கத்தாதையும், நீரும் கொஞ்சம் கொண்டு போம்.”

இந்த எண்ணெயை மூட்டு நோவுக்குப் பூசுகிறதும், கறையானுக்கு மரத்தில் அடிக்கிறதும் எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. எண்ணெய் ஒழுகுகிறதைக் கண்டால் கந்தோரில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எண்ணெயை எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் சொன்னால் உடனே வந்து அடைத்துவிடுவார்கள், அக்காவுக்கும் முகம் கறுக்கும். துளித்துளியாகத்தானே விழுகிறது என்று நினைத்தேன். அரைப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்து, அன்று பின்னேரமே கதவு நிலைக்குப் பூசிவிட்டேன்.

ஐப்பசியில் முதல் மழை இரண்டு நாள் அடித்துப் பெய்து விட்டது. மூன்றாம் நாள் காலை நான் கானோடு போனபோது கிணற்றடியில் சத்தம். தண்ணீரின் மேல் எண்ணெய் படை கட்டியிருந்தது. வெயில் பட்ட இடத்தில் பல நிறம் காட்டியது.

அக்கா அண்ணையோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றார். “எஞ்சினைக் கிணத்தடிக்குக் கொண்டு வராதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“நான் கொண்டு வரேல்லை அக்கா. என்ர முத்தத்தில வைச்சுத்தான் பார்த்தனான். மாதாவாணை.”

“மாதாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீர்? இந்த ஒழுங்கையில எஞ்சின் வைச்சிருக்கிறது ஆர்? நானோ?”

“எஞ்சின் வைச்சிருக்கிறவன் எல்லாம் கிணத்துக்க எண்ணெய் ஊத்துவானோ? நானும் இதைத்தானே குடிக்கிறன்?”

“இனிக் குடிக்க வேண்டாம். உம்மட ஆக்கள் இந்தப் படலைக்குள்ள வரவேண்டாம்.”

நான் வாளியை இறக்கி, மேல் தண்ணீரில் கொஞ்சம் அள்ளி, விரலில் தொட்டு மணந்து பார்த்தேன். டீசல் மணமும் இல்லை, மண்ணெண்ணெய் மணமும் இல்லை. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ தட்டியது. தட்டியதை நான் கேட்கவில்லை. கேட்டால் அரைப் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். அக்காவும் ட்ரான்ஸ்போமர்ப் பக்கம் பார்க்கவே இல்லை. அவருடைய நினைப்பில் அந்த எண்ணெய் மருந்து. கிணற்றில் கிடந்தது ஊத்தை. இரண்டும் ஒன்று என்று அவருக்குப் படவில்லை.

பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய பிழை. கிணறு பழுதானால் இறைக்கிறது எங்கள் வழக்கம். கோழி விழுந்தாலும் இறைப்போம், வெள்ளம் புகுந்தாலும் இறைப்போம். அன்று நான்தான் முன்னுக்கு நின்றேன். உள்ளுக்குள் குற்றம் இருக்கிறவன் வேலையில் கூடப் பாய்வான் போல. தோட்டத்துத் தண்ணீர் இறைக்கிற மெசினைக் கொண்டுவந்து பூட்டி, பகல் முழுக்க அடி தெரியும் வரைக்கும் இறைத்தோம். அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

மறுநாள் கிணறு ஊறி நின்றது. வாயில் வைத்தால் உப்பு. மேலே பார்த்தால் முந்தியதைவிடத் தடிப்பாக எண்ணெய்.

“பாத்தீரோ, இரவோட இரவா வந்து திரும்ப ஊத்தியிருக்கிறான்,” என்றார் அக்கா. நான் மெசினைக் கழற்றுகிற வேலையைப் பார்த்தேன்.

எட்டு நாள் எல்லோரும் தண்ணீர் பவுசர் லொறிக்குக் காத்து நின்றோம். அது ஒன்றுவிட்டு ஒரு நாள் பிரதான வீதிக்கு வரும். வரிசையில் அண்ணையின் மனைவி நின்றால் மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ‘கிணத்தைக் கெடுத்தவையள்’ என்று அவருக்குக் கேட்கத்தான் சொன்னார்கள். எங்களுடைய கஷ்டம் கிணறு திருந்தினால் முடிந்துவிடும். அவர்களுக்கு, கிணறு திருந்தினாலும் படலை திறக்காது. உப்புக் கிணற்றோடு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் பவுசருக்குப் பின்னால் போகலாம்? வளவை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கப் போகிறார்களாம் என்று உங்கள் அம்மா வந்து சொன்னாள்.

ஒன்பதாம் நாள் காலை ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இல்லை. கந்தோர் வாகனம் வந்தது. பொறியியலாளரும் வந்தார். இளம் பெண், நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். லைனை நிறுத்திவிட்டு என்னை ஏறிப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் மட்டம் காட்டுகிற கண்ணாடி வெறுமையாக இருந்தது. துருப்பிடித்த தகடு விரல் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. பிளவு வேலிப்பக்கம் என்றபடியால் ஒழுங்கையால் போகிறவர்களுக்குத் தெரியாது. கீழே போத்தல் நிரம்பிச் சரிந்து கிடந்தது, அதைச் சுற்றி மண் கறுத்திருந்தது.

“ஒரு பரல் நிறைய எண்ணெய் குறையுது,” என்றார் மிஸ். “எங்க போனது?”

அந்த நேரம் அண்ணையின் மனைவி இடுப்பில் குழந்தையும் கையில் வெறும் கானுமாக எங்களைக் கடந்து வீதிப்பக்கம் போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கிணத்துக்குப் போனது மிஸ்,” என்றேன்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒழுகிறதை முதலே கண்டனான். கந்தோரில சொல்லேல்லை.”

“ஏன்?”

“அரைப் போத்தில் எடுத்தனான்.”

மிஸ் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். “இதை நான் எழுதத்தான் வேணும்.”

“ஓம் மிஸ். எழுதுங்கோ.”

சத்தம் கேட்டு அக்கா படலையடிக்கு வந்தார். அண்ணையும் வேலியால் எட்டிப் பார்த்தார். மிஸ் சரிந்து கிடந்த போத்தலைக் காட்டி, “இது ஆரின்ர?” என்று கேட்டார்.

“என்ர தான் பிள்ளை,” என்றார் அக்கா. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“கையால தொட்டனீங்களோ?”

“ரெண்டு மாசமா முழங்காலுக்குப் பூசுறன்.”

“நோ குறைஞ்சதோ?”

“இல்லைப் பிள்ளை.”

“பிறகேன் பூசினீங்கள்?”

“சும்மா கிடைச்சதுதானே.”

எங்களோடு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மிஸ் சிரிக்கவில்லை. சில பழைய ட்ரான்ஸ்போமர்களின் எண்ணெயில் ஒரு வகை நஞ்சு இருக்கும், அது தோலாலும் உடம்புக்குள் போகும், இதில் இருக்கிறதா என்று பட்டணத்துக்கு அனுப்பிச் சோதித்தால்தான் தெரியும் என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கதவு நிலை ஞாபகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதானே அந்த நாட்களில் சின்னவன் நடக்கப் பழகினவன்.

கிணற்றை இறைத்ததைச் சொன்னபோது மிஸ் தலையில் கை வைத்தார். எங்கள் நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் மெல்லியதாக, உப்புத் தண்ணீருக்கு மேலே கிடக்கிறது. அடி தெரிய இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். வெறுமையான கிணற்றை நோக்கிச் சுற்றுவட்டத் தண்ணீர் எல்லாம் கல்வெடிப்புகளால் ஓடிவரும். அந்த ஓட்டம்தான் தூணடியில் ஊறிக் கிடந்த எண்ணெயையும் கிணற்றுக்குள் இழுத்தது. இரவில் ஒருவரும் வந்து ஊற்றவில்லை. நாங்களே பகல் முழுக்க மெசின் பூட்டி இழுத்தோம்.

அன்றே பழைய பெட்டியை இறக்கிவிட்டு வேறு பெட்டி ஏற்றினோம். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, தூணடியிலிருந்து கறுத்த மண்ணை வெட்டி வெட்டி இரும்புப் பரல்களில் நிரப்பினோம். இடுப்பளவு ஆழத்தில்தான் மண் வெள்ளையானது. தூணுக்கும் கிணற்றுக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டி, ஊறி வருகிற எண்ணெயைக் குடிக்கட்டும் என்று தென்னந்தும்பும் உமியும் போட்டோம். கிணற்றில் மேல் எண்ணெயை மட்டும் எடுக்க வேண்டும். பழைய சேலைகளைத் தோய்த்து எடுத்தோம். சேலை தண்ணீரைக் குடித்ததே தவிர எண்ணெய் கல்லோடு போய் ஒட்டிக்கொண்டது.

வேலியால் பார்த்துக்கொண்டிருந்த அண்ணைக்குப் பொறுக்கவில்லை. “வலை வளைக்கத் தெரியாதவனெல்லாம் மீன் பிடிக்க வெளிக்கிட்டால் இப்பிடித்தான்,” என்றார்.

மிஸ் திரும்பிப் பார்த்தார். “அப்ப எப்பிடி வளைக்கிறது? வந்து காட்டுங்கோவன்.”

“படலை எனக்குப் பூட்டு.”

அக்கா படலையை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணை வீட்டுக்குள் போய், வலையில் கட்டுகிற மிதப்புக் கயிறு ஒன்றைக் கொண்டு வந்தார். மிதப்புகளின் மேல் துணி சுற்றிக் கட்டி, கிணற்றுச் சுவரோடு ஒட்டின வட்டமாக இறக்கினார். இரண்டு பக்கமும் நாங்கள் கயிற்றைப் பிடிக்க, வட்டத்தை மெல்ல மெல்லச் சுருக்கினார். பரந்து கிடந்த எண்ணெய் நடுவில் தடித்துக் கூடியது. அதன்மேல் தும்பைப் போட்டு ஓலைக் கடகத்தால் அள்ளினோம். ஒரு நாளைக்கு இரண்டு தரமாக ஆறு நாள் அப்படி அள்ளினோம்.

முதல் நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அண்ணை என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“எவ்வளவு எடுத்தனீர்?”

“அரைப் போத்தில் அண்ணை.”

“அரைப் போத்திலுக்கு என்ர மனிசி எட்டு நாள் வீதியில நிண்டவள். ஒரு போத்தில் எண்டால் நாங்கள் இந்தியாவுக்கே போயிருக்க வேணும்.”

நான் அவர் பக்கம் திரும்ப, கயிறு தொய்ந்தது. “கயித்தை இளக்காதையும்,” என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் இல்லை என்று சொல்ல ஏலாது, அதனால் கேட்கிறது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

சோதனை முடிவில் அந்த நஞ்சு இல்லை என்று வந்தது. கதவு நிலையை நான் சுரண்டிக் கழுவினேன், கறுப்புப் போகவில்லை. என்னைப் பற்றி மிஸ் எழுதியது கந்தோரில் பதிவாகி, என்னோடு சேர்ந்தவர்கள் நிரந்தரமானபோது என் பெயர் வரவில்லை. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எழுதாமல் விட்டிருந்தால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று ஊரில் இன்னும் இரண்டு கதை இருந்திருக்கும்.

மாரி மழை நன்றாகப் பெய்து, மார்கழி முடியத்தான் உப்பு இறங்கியது. தண்ணீரைத் திரும்பவும் சோதித்து, இனிக் குடிக்கலாம் என்றார்கள். அன்று காலை ஒழுங்கைச் சனம் கானோடு போய் நின்றது. அக்கா புது வாளியும் புதுக் கயிறும் வாங்கி வைத்திருந்தார். ஒருவரையும் தொட விடவில்லை. வேலியடிக்குப் போய், “பிள்ளை, நீர் வந்து முதல் அள்ளும்,” என்று அண்ணையின் மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கமிருந்து, “அடுப்பில சோறு கிடக்கு, வாறன்,” என்று குரல் கேட்டது. சோறு வடித்து முடியும் வரைக்கும் நாங்கள் எல்லோரும் வெறும் கானோடு காத்து நின்றோம். அவர் வந்து இரண்டு கான் நிரப்பினார். வாளியை நிலத்தில் வைக்காமல் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தபோது, நான் ஒரு தகர ரின்னில் சுண்ணாம்பும் வெள்ளை அடிக்கிற தும்புக்கட்டையும் கொண்டு ட்ரான்ஸ்போமரடிக்குப் போனேன். தூணடிச் சீமெந்துக் கட்டைக் கழுவி, துணியால் துடைத்து, நாலு பக்கமும் வெள்ளை அடித்தேன். வெள்ளையில் ஒரு துளி விழுந்தாலும் ஒழுங்கையால் போகிறவர்களுக்குத் தெரியும். முதல் பூச்சுக் காயும் வரைக்கும் எதிர் வளவு மதில் நிழலில் குந்தி இருந்தேன். பிறகு, பழைய பெட்டி ஒழுகின வேலிப்பக்கத்துக்கு மட்டும் இன்னொரு தரம் அடித்தேன்.