கோணல் பட்டை

எங்கள் காலனியில் முதன்முதலாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய பெண் என் அக்கா ஜாக்குலின். அதுவரைக்கும் எங்கள் ஆட்கள் கோர்ட்டுக்குப் போனதெல்லாம் கூண்டில் நிற்கத்தான். அன்றிலிருந்து என் பெயர் ஜோயல் இல்லை, ‘வக்கீலம்மா தம்பி’. டீக்கடை குமார் அண்ணாத்தகூட, “வக்கீலம்மா தம்பிக்கு ஒரு சிங்கிள்!” என்றுதான் கத்துவார்.

செங்கல்பட்டு கோர்ட்டில் மூன்று வருஷம் சீனியருக்குக் கேஸ் கட்டு தூக்கினாள். தேதி தள்ளி வாய்தா வாங்க அவளை எழுந்து நிற்கச் சொல்வார். வாதாட மட்டும் ஆம்பளை ஜூனியர். ஆனால் வீட்டில் வஞ்சிரத்தின் நடுத்துண்டு அவளுக்குத்தான். பத்தாவதில் கணக்குப் பரீட்சையில் இரண்டு தபா கவுந்த எனக்கு வால்.

போன மாசம் அவளுக்கென்று முதல் கேஸ். பக்கத்துத் தெரு செல்லம்மா அத்தை வீட்டை இடிக்கப் பார்த்த மனை வியாபாரிமேல் தடை கேட்டு. அன்று காலை அம்மா அவள் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டைக்கு என்றைக்காவது? வயிறு எரிந்தது. அவள் கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நழுவிவிட்டேன். பட்டை இல்லாமல் வக்கீல் ஜட்ஜ் முன்னால் வாய் திறக்க முடியாது. தெரிந்தேதான் செய்தேன்.

பஸ் ஸ்டாண்டில் செல்லம்மா அத்தை, விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுப் புடவையில்.

“இன்னாடா, நீயும் வர்றியா? வூடு நிக்கும்ல?”

அந்தக் கேள்விதான் என்னை பஸ்ஸில் ஏற்றியது.

கோர்ட் வாசலில் டவாலிச் சேவகர் செல்லம்மா அத்தையின் பெயரை மூன்றாவது தடவை கூப்பிடும்போது உள்ளே ஓடினேன். அக்கா எழுந்து நின்றிருந்தாள், கழுத்தில் பட்டையோடு! ஒரு நுனி நீளம், ஒரு நுனி கட்டை. நீள நுனியில் நீலக் கறை. என் பத்தாம் வகுப்பு வெள்ளைச் சட்டையில் பேனா கக்கிய இடம்.

குரல் முதலில் நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை. ஜட்ஜும் ஒரு அம்மாதான். கண்ணாடிக்கு மேலே அந்தக் கறையை ஒரு தரம் பார்த்தார். இடைக்காலத் தடை எழுதினார். அத்தை அழுதுவிட்டது.

வெளியே வந்ததும் அக்கா என் பாக்கெட்டில் தொங்கிய பட்டை நாடாவை இழுத்தாள்.

“திருட்டு நாயே. அதான் உன் சட்டைய வெட்டினேன்.”

“பழைய சட்டைய இன்னாத்துக்கு வச்சிருந்த?”

“நீ மறுபடி பரீட்சை எழுதப் போவேன்னு.”

பொறாமை போகவில்லை. என் சட்டை கோர்ட்டுக்குள் போய்விட்டது, நான் இன்னும் வாசலில். இப்போதும் அவள் அந்தக் கோணல் பட்டையைத்தான் கட்டுகிறாள், ராசியாம். அதற்கு இஸ்திரி போடுவது மட்டும் நான். அம்மாவைக்கூடத் தொட விடுவதில்லை.